பதிவேட்டில் இருந்த அப்பா

அந்தக் கல்லூரியில், மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்த அறையில் உட்கார்ந்திருந்தவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாணவர்களுக்கு அவர் ‘படிவம் அக்கா’. நாற்பத்தெட்டு வயதில் அக்கா என்று அழைக்கப்படுவதில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். முன்னால் ஒட்டிக்கொண்டிருந்த ‘படிவம்’ மட்டும் கொஞ்சம் உறுத்தும். ஆனால் அதைப் பொய் என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் தலையைக் குனிந்து அந்த அறைக்குள் நுழைந்ததே ஒரு படிவத்துக்காகத்தான்.

அது ஓர் உதவித்தொகைக்கான படிவம். விடுமுறையில் மூன்று மாதம் தலைநகருக்குப் போய், தொழில்நுட்பக் கொள்கை சம்பந்தமான ஓர் அலுவலகத்தில் பயிற்சி எடுக்க விரும்பும் மாணவருக்கு வாடகையும் சாப்பாட்டுச் செலவும் தருகிற தொகை. எந்தக் கேமரா யார் முகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம், எந்தச் செயலி சின்னப் பிள்ளைகளிடம் எதைக் கேட்கக் கூடாது என்றெல்லாம் விதி எழுதுகிற அலுவலகங்கள் அவை. பயிற்சிக்கு வருகிறவருக்குச் சல்லிக்காசு தரமாட்டார்கள். “அனுபவம் கிடைக்குதில்ல?” என்பார்கள். அந்த அனுபவத்தை எந்த வீட்டுக்காரரும் வாடகைக்குப் பதிலாக வாங்கிக்கொள்ள மாட்டார் என்பது அக்காவுக்குத் தெரியும். அதனால்தான் எட்டு வருஷத்துக்கு முன்னால் அவரே ஏறி இறங்காத படியெல்லாம் ஏறி இறங்கி, ஓர் அறக்கட்டளையைப் பிடித்து, வருஷத்துக்கு நான்கு பேர் என்று இந்தத் தொகையை வாங்கி வந்தார்.

முதல் ஏழு வருஷமும் ஒரு கட்டுரை, ஒரு நேர்காணல், அவ்வளவுதான். எட்டாவது வருஷம் அறக்கட்டளை புது விதி ஒன்றைச் சேர்த்தது. வசதி இல்லாத பிள்ளைகளுக்கே பணம் போய்ச் சேர வேண்டும். அதற்காக மாணவர் எந்தச் சான்றிதழும் தர வேண்டாம். அடையாள எண்ணை இணையதளத்தில் போட்டால் போதும். அதுவே அரசாங்கத்தின் குடும்பப் பதிவேட்டைப் பார்த்து, தகுதி உண்டு, இல்லை என்று அரை நிமிஷத்தில் சொல்லிவிடும். இந்த விதி வந்தபோது முதலில் கைதட்டியவர் அக்காதான். முந்தின வருஷம் சொந்தக் காரில் வந்து இறங்கிய ஒருவனுக்குத் தொகை போனதில் அவருக்கு ஏகப்பட்ட வயிற்றெரிச்சல்.

அந்த வருஷம் விண்ணப்பித்தவர்களில் ஒருத்தியை வகுப்பே ‘வெட்டுக்கிளி’ என்று கூப்பிட்டது. ஐந்தாண்டுப் புள்ளியியல் படிப்பில் மூன்றாம் ஆண்டு. ஒல்லியான உடம்பு, நீளமான கால்கள், ஓரிடத்தில் நிற்காத சுபாவம். அவளுடைய அம்மா ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தில் வேலை பார்த்தார். அங்கே ஒவ்வொரு வரிசைக்கு மேலும் ஒரு கேமரா. யார் எத்தனை முறை இருக்கையை விட்டு எழுந்தார்கள் என்று அது எண்ணும். எண்ணிக்கை கூடினால் சம்பளம் குறையும். அம்மா எழுந்திருக்காமலே அவர் சம்பளம் குறைந்துகொண்டே வந்தது. மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, பக்கத்து இருக்கைப் பெண்களையும் சேர்த்து மூன்று வாரம் எழும்போதும் குனியும்போதும் ஒரு கோடு போட்டு வைக்கச் சொன்னாள். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தாள். உயரமான பெண்கள் குனிந்து நூல்கண்டு எடுத்தால்கூட அந்தக் கேமரா அதை எழுந்ததாக எண்ணியிருந்தது.

இதைத்தான் அவள் கட்டுரையாக எழுதியிருந்தாள். அது தலைநகரில் இருக்கும் குறைகேட்பு ஆணையத்துக்குப் போயிற்று. கணினி எடுத்த முடிவால் உதவிப்பணமோ வேலையோ கடனோ மறுக்கப்பட்டவர்களின் மனுக்களைக் கேட்கும் அலுவலகம் அது. அங்கே பயிற்சிக்கு நூற்று நாற்பது பேர் விண்ணப்பித்து இரண்டு பேர் தேர்வானார்கள். ஒருத்தி இவள். ஆணையத்தின் துணை இயக்குநர் தாமே அக்காவுக்கு ஃபோன் செய்தார்.

“இந்தப் பொண்ண எப்படியாவது அனுப்பி வச்சிடுங்க. இங்க மனு எல்லாம் மூட்டை மூட்டையா கெடக்கு. இவளை மாதிரி படிக்கிற ஆள்தான் வேணும்.”

அக்காவுக்குத் தரையில் கால் பாவவில்லை. மறுநாள் காலை வெட்டுக்கிளியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இணையதளத்தைத் திறந்தார். எண்ணைப் போட்டார். வட்டம் ஒன்று சுழன்றது. பிறகு சிவப்பில் ஒரு வரி வந்தது.

‘தகுதி இல்லை. குடும்பத்தில் சம்பாதிப்போர்: 2. வருமானம் வரம்பை மீறுகிறது.’

“ரெண்டு பேரா?” என்று சிரித்தாள் வெட்டுக்கிளி. “எங்க வீட்ல இருக்கறதே ரெண்டு பேருதான் அக்கா. அதுல ஒண்ணு நான்.”

“எண்ணைத் தப்பா போட்டுட்டேனோ என்னவோ.” அக்கா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டார். அதே சிவப்பு. கீழே இருந்த ‘விவரம்’ என்ற இடத்தை அழுத்தினார். ஒரு பட்டியல் விரிந்தது. “இரண்டாவது ஆள்னு ஒருத்தர் இருக்காரும்மா. கிரேன் ஓட்டுநர். துறைமுகம்.”

வெட்டுக்கிளியின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

“அது எங்க அப்பா.”

“வெளியூர்ல இருக்காரா?”

“நான் ஆறாவது படிக்கும்போது போயிட்டார். அங்கயே வேற குடும்பம். பேரை மட்டும் இங்கயே விட்டுட்டுப் போயிருக்கார் போல.”

அக்கா பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். “கவலைப்படாத. சின்னத் தப்பு. சரி பண்ணிடலாம். ஒன்பது நாள் இருக்கு.”

அன்று மதியமே அறக்கட்டளைக்கு ஃபோன் போட்டார். எடுத்தது ஓர் இளம்பெண். நல்ல பெண். முழுக்கதையையும் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“மேடம், எனக்கே கஷ்டமா இருக்கு. ஆனா சிவப்பு வந்ததைப் பச்சையாக்க என் ஸ்கிரீன்ல பட்டனே இல்ல.”

“யார் ஸ்கிரீன்ல இருக்கு? அவங்ககிட்ட பேசறேன்.”

“யார்கிட்டயுமே இல்லன்னு நெனக்கிறேன் மேடம். சிபாரிசு நுழையக் கூடாதுன்னு அப்படித்தான் பண்ணியிருக்காங்க.”

அடுத்த நாள் அக்கா விடுப்புப் போட்டுவிட்டுப் பதிவேட்டு அலுவலகத்துக்குப் போனார். மூன்று மணி நேரம் வரிசை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கழுத்தில் வலிக்குப் பட்டை கட்டியிருந்தார். தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பித் திரும்பித் திரையைப் பார்த்தார்.

“அவர் வந்து முகவரி மாத்தணும்மா. அவரோட பதிவு, அவரோட கையெழுத்து.”

“ஒன்பது வருஷமா அந்த வீட்லயே இல்லாதவருங்க. போயிட்டார்.”

“போயிட்டேன்னு அவரே வந்து சொல்லணும்.”

“வந்து சொன்னா அப்புறம் எப்படிங்க போனவர் ஆவார்?”

எழுத்தர் சிரித்துவிட்டார். சிரித்ததில் கழுத்து வலித்து முகம் சுளித்தார். “நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா எனக்கு ரெண்டே வழிதான் இருக்கு. ஒண்ணு அவர் கையெழுத்து, இல்லன்னா கோர்ட்டு உத்தரவு. கோர்ட்டுக்குப் போனா ஆறு மாசத்துக்குக் குறையாது.”

பேராசிரியர்கள் சிலர் தங்களுக்குள் பணம் திரட்டினார்கள். ஓரளவு சேர்ந்தும் விட்டது. ஆனால் சிக்கல் பணத்தோடு முடியவில்லை. உதவித்தொகை தருகிற அமைப்பின் பொறுப்புக் கடிதமும் காப்பீடும் இல்லாமல் ஆணையத்தின் கட்டடத்துக்குள் எந்தப் பயிற்சியாளரும் நுழைய முடியாது. கல்லூரியே அந்தப் பொறுப்பை ஏற்கலாமா என்று கேட்டதற்கு, அதற்கான செலவுத் தலைப்பே கல்லூரிக் கணக்கில் இல்லை என்று முதல்வர் கையை விரித்தார். கடைசி நம்பிக்கையாக அக்கா துணை இயக்குநரைக் கூப்பிட்டார்.

“இது உங்க ஆணையத்துக்கே வர வேண்டிய புகார் சார். கம்ப்யூட்டர் தப்பா ஒரு பொண்ணத் தள்ளி வைக்குது.”

“ஆமாங்க. சரியாத்தான் சொல்றீங்க.” அவர் குரல் உண்மையாகவே தளர்ந்திருந்தது. “இதே மாதிரி எங்ககிட்ட நூத்துக்கணக்குல இருக்கு. மனுப் போடச் சொல்லுங்க. வரிசைப்படி எடுக்கறோம். பதினோரு மாசம் ஆகும்.”

ஆக, மிச்சம் இருந்தது அப்பாவின் கையெழுத்துதான்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அக்கா அவர்கள் வீட்டுக்குப் போனார். டயர் கடைக்கு மேலே ஒரே அறை. ஜன்னலைச் சாத்தினாலும் ரப்பர் வாசனை உள்ளே இருந்தது. அம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். புடவையில் அங்கங்கே நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. நல்ல உயரம். ஒரே ஒரு நாற்காலியை அக்காவுக்குப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

“நம்பர் இருக்காம்மா உன்கிட்ட?” என்று கேட்டாள் வெட்டுக்கிளி.

அம்மா எதையும் தேடவில்லை. மகளின் ஃபோனை வாங்கி எண்களைத் தானே அழுத்தினார். ஒன்பது வருஷமாக ஒருமுறைகூடக் கூப்பிடாத எண் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. ஒலிபெருக்கியைப் போட்டு நடுவில் வைத்தார்.

“நான்தான். பொண்ணு பேசணுங்கறா,” என்று மட்டும் சொன்னார்.

வெட்டுக்கிளி மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. எதிர்முனையில் இரும்பு மோதுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அவர் எங்கோ தள்ளி நடந்து போயிருக்க வேண்டும், சத்தம் குறைந்தது.

“போடறேன்மா. கையெழுத்துத்தானே? கண்டிப்பா போடறேன். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். நான் பதிவை இங்க மாத்தினா இந்த வீட்டுக் கணக்குல என் சம்பளம் ஏறும். இங்க இருக்கறவ ஆஸ்பத்திரில துடைக்கிற வேலை பாக்கறா. அவ சம்பளம் மட்டும்தான் கணக்குல இருக்கு. சின்னவனுக்குக் காது கேக்காது. அதுக்குன்னு ஒரு ஸ்கூல், அங்கதான் படிக்கிறான். வருமானம் கம்மிங்கறதால எடம் குடுத்தாங்க. ஏறிச்சுன்னா எடுத்துடுவாங்க.”

“அப்ப மறந்துபோய் விடல,” என்றாள் வெட்டுக்கிளி. “தெரிஞ்சேதான் உங்க பேரை இங்க வச்சிருக்கீங்க.”

“ஆமாம்மா.” அவர் மழுப்பவில்லை. “இருந்தாலும் நீ சொல்லு, நாளைக்கே போடறேன். உனக்குன்னு நான் ஒண்ணும் பண்ணினதில்ல.”

அம்மா ஃபோனைக் கையில் எடுத்தார்.

“என்ன வயசு?”

“யாருக்கு?”

“சின்னவனுக்கு.”

“ஏழு.”

“போட வேணாம்,” என்று சொல்லிவிட்டு அம்மா ஃபோனை அணைத்தார்.

அடுத்த நிமிஷம் அந்த அறையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. “உன்னை யாரும்மா கேட்டா?” என்று கத்தினாள் வெட்டுக்கிளி. “அது என் இன்டர்ன்ஷிப்! நூத்தி நாப்பது பேர்ல ரெண்டு பேரு. நம்மளத் திரும்பிப் பார்த்தாரா அவரு? நீ மட்டும் தியாகி வேஷம் போடு!”

“கத்தாத. கீழ ஆளுங்க இருக்காங்க.”

“இருக்கட்டும்!”

“அந்த ஆணையத்துல போய் நீ என்னடி படிக்கப் போற?” அம்மா குரலை உயர்த்தவே இல்லை. “எடத்தப் புடுங்கிட்டாங்கன்னு ஜனங்க எழுதற மனுவத்தானே? அந்தப் புள்ளையோட மனுவும் அங்கதான் வரும். அதையும் நீயே படி.”

வெட்டுக்கிளி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்கா அந்த ஒற்றை நாற்காலியில், எழுந்து போகவும் முடியாமல் உட்கார்ந்திருக்கவும் முடியாமல் தவித்தார்.

கிளம்பும்போது வெட்டுக்கிளி தெருவரை கூடவே வந்தாள்.

“நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க அக்கா.”

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“இல்ல, அம்மாவே வேணாம். நான் மேஜர். நானே அவருக்கு ஃபோன் பண்ணிப் போடச் சொல்லலாம்ல? அதுல என்ன தப்பு? சொல்லுங்க.”

தப்பில்லை என்று சொல்ல அக்காவுக்கு ஆசையாகத்தான் இருந்தது. எட்டு வருஷத்தில் இப்படி ஒரு கட்டுரையை அவர் படித்ததில்லை. ஆனால் பார்த்தேயிராத ஒரு ஏழு வயதுப் பையன் மனசுக்குள் வந்து நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றான். “தெரியலம்மா,” என்றார். அந்தப் பெண் அவரைப் பார்த்த பார்வையை அவர் நெடுநாள் மறக்கவில்லை. கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அது, ‘நீங்களுமா’ என்று கேட்கிற பார்வை.

ஒன்பதாம் நாள் மதியம் ஒன்றரை மணிக்கு வெட்டுக்கிளி படிக்கட்டு அறைக்கு வந்து, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, ஃபோனை மேசைமேல் வைத்துத் திருப்பிக் காட்டினாள். அப்பாவிடமிருந்து ஒரு செய்தி. ‘லீவு போட்டுட்டு ஆபீஸ் வாசல்ல நிக்கிறேன். மூணு மணிக்கு மூடிடுவாங்க. போடட்டுமா?’

“பாத்தீங்களா அக்கா. போட்டாலும் போடலைன்னாலும் நான்தான் சொல்லணுமாம்.”

“நீ இதுக்குப் பதிலே போட வேணாம்,” என்றார் அக்கா.

“பதில் போடலன்னா அவர் என்ன பண்ணுவார்?”

அவள் எழுத ஆரம்பித்தாள், அழித்தாள். ‘போடுங்க’ என்று எழுதி, அனுப்பும் குறிக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். வெளியே படியில் பிள்ளைகள் ஏறி இறங்கும் சத்தம் தலைக்கு மேலே தடதடவென்று கேட்டது. ஒரு மாணவன் கதவைத் திறந்து, “அக்கா, சீல் வைக்கணும்” என்றான். “அப்புறம் வா” என்றார். இன்னொருத்தி வந்தாள். அவளையும் அனுப்பினார். எழுந்து போய் ஏதாவது சொல்லி அந்தப் பெண்ணின் கையைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. போடு என்று பிடிப்பதா, வேண்டாம் என்று பிடிப்பதா? அதனால் உட்கார்ந்தபடியே இருந்தார்.

இரண்டு நாற்பதுக்கு வெட்டுக்கிளி எழுதியிருந்ததை அழித்துவிட்டு ‘வேணாம்’ என்று போட்டு அனுப்பினாள். அனுப்பியதும் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அக்கா கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து அவள் முதுகில் கை வைத்தார். அவள் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

ஆணையத்தில் அவளுடைய இடம் வேறு கல்லூரிப் பையன் ஒருவனுக்குப் போயிற்று. இங்கே உதவித்தொகையின் நான்காவது இடத்தைக் காத்திருப்புப் பட்டியலில் இருந்த ஒருத்தி பெற்றாள். கெட்டிக்காரிதான், குறை சொல்ல முடியாது. வெட்டுக்கிளி அந்த மூன்று மாதமும் ஒரு நிறுவனத்தில் கணினித் திரை முன்னால் உட்கார்ந்து, தெருப் படங்களில் இருக்கிற மனிதர்களைச் சுற்றிக் கட்டம் போடுகிற வேலை பார்த்தாள். தானே ஓடுகிற காருக்கு எது மனிதன், எது கம்பம் என்று சொல்லிக் கொடுக்கிற வேலையாம். ஒரு படத்துக்கு இவ்வளவு என்று கூலி.

விடுமுறை முடிகிற சமயம் அறக்கட்டளைக்கு ஆண்டறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. இணையதளம் மூன்று கட்டங்களைக் காட்டியது: தகுதியுள்ள விண்ணப்பங்கள், தேர்வானவை, தேர்வாகாதவை. சிவப்பு வந்தவர்கள் இந்த மூன்றில் எதிலும் வரமாட்டார்கள். கணக்குப்படி வெட்டுக்கிளி என்று ஒருத்தி விண்ணப்பிக்கவே இல்லை. அக்கா தனியாக மூன்று பக்கம் கடிதம் எழுதினார். நாளைக் குறித்து, யார் என்ன சொன்னார்கள் என்பதைக் குறித்து, குடும்பப் பதிவேட்டில் இருப்பவரெல்லாம் குடும்பத்தில் இருப்பவர் ஆகமாட்டார் என்று எழுதினார். இரண்டு மாதம் கழித்து நான்கு வரிப் பதில் வந்தது. கருத்துக்கு நன்றி, அடுத்த முறை விதிகளைத் திருத்தும்போது கவனத்தில் கொள்ளப்படும், இந்த ஆண்டும் அதே நடைமுறை தொடரும்.

அந்த வாரத்தில் ஒரு நாள் நடைபாதையில் வெட்டுக்கிளி எதிரே வந்தாள். முகம் கொடுத்தே பேசினாள். கட்டம் போடும் வேலையைப் படிப்போடு சேர்த்துப் பார்ப்பதாகச் சொன்னாள். அம்மாவின் தொழிற்சாலையில் கேமராவை இன்னும் எடுக்கவில்லையாம். அப்பா அந்தப் பையனின் படம் ஒன்றை அனுப்பியிருந்தாராம்.

“பதில் போட்டியா?”

“என்னன்னு போடறது?” என்றாள். வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டாள்.

புது வருஷத்து விண்ணப்பங்கள் தொடங்கிய அன்று, இரண்டாம் ஆண்டு சட்டம் படிக்கிற ஒருத்தி தலையைக் குனிந்து அறைக்குள் வந்தாள். மாணவர்களின் கைரேகையை விடுதிக்காரர்கள் எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம் என்பது பற்றித் தான் எழுதியிருப்பதாகக் கண்கள் மின்னச் சொன்னாள். கட்டுரையை மேசையில் வைத்தாள். அக்கா அதை எடுக்கவில்லை.

“உக்காரும்மா. மொதல்ல ஒண்ணு சொல்லு. வீட்ல யார் யார் இருக்கீங்க?”

“அம்மா, நான், தம்பி.”

“அப்பா?”

பெண்ணின் முகம் சட்டென்று மாறியது. “எதுக்குக் கேக்கறீங்க?”

“தப்பா எடுத்துக்காத. பதிவேட்டுல யார் பேரெல்லாம் இருக்குன்னு தெரிஞ்சாத்தான்...”

பெண் கட்டுரையை மேசையிலிருந்து எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். “அம்மாகிட்ட கேட்டுட்டு வர்றேன் மேடம்,” என்று சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனாள். அக்கா என்றுகூட அவள் கூப்பிடவில்லை.